தனவேலு பாத்தி

கார்த்திகை 3

உரக்கடைக்காரர் நர்சரிக்கு ஒரு டைரி கொடுத்தார். ஓனர் அதை மேஸ்திரியிடம் கொடுத்தார். மேஸ்திரி கோமளாவிடம் தள்ளிவிட்டார். கோமளா என்னிடம் தள்ளிவிட்டாள். எனக்குத் தள்ளிவிட ஆள் இல்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். வருஷம் முடிகிற நேரத்தில் வந்த டைரி. அதில் அச்சடித்த தேதி முக்கால்வாசி போய்விட்டது. ஷெட்டில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன்.

என் பேர் பூங்காவனம். அஞ்சாவது வரை படித்தேன். அதிலும் பாதி நாள் ஆட்டோடு இருந்தேன். கடலூரிலிருந்து பாண்டி போகிற ரோட்டில், கடலுக்குப் பக்கத்தில் எங்கள் நர்சரி. பாக்கெட்டில் மண் அடைப்பேன், களை எடுப்பேன், நாற்று மாற்றுவேன், மிச்ச நேரத்தில் எல்லாரையும் கிண்டல் செய்வேன். மிச்ச நேரம்தான் ஜாஸ்தி. "பேரும் பூங்காவனம், வேலையும் பூங்காவனமா!" என்று செடி வாங்க வருகிறவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் முதலில் கேட்பது போலச் சிரிப்பேன். அதற்குச் சம்பளம் தனியாகக் கேட்கலாம்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு தடவை வயிற்றுவலி தாங்காமல் தரையில் உருண்டேன். மேஸ்திரி கைதட்டினார். எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் அல்லவா, பார்ப்போம்.

கார்த்திகை 5

ஓனர் பாத்திகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார். நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான் பேர் வைத்தேன். காகிதப்பூ பாத்திக்கு ஓனரம்மா. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும், கிட்டே போனால் கையைக் கிழிக்கும். (ஓனரம்மாவுக்கு இது தெரியாது.) குரோட்டன்ஸ் பாத்தி கோமளா. தினம் ஒரு கலர். அடினியம் பாத்தி மேஸ்திரி பச்சையப்பன். மேலே நாலு இலை, கீழே தொந்தி.

நெட்டிலிங்கம் பாத்திக்குத் தனவேலு. மோட்டார், பைப், தண்ணீர் எல்லாம் தனவேலுதான் பார்க்கிறார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததிலிருந்து தனி ஆள். நெடுநெடுவென்று இருப்பார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நெட்டிலிங்கமும் அப்படித்தான். இலை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

விளையாட்டாக வைத்த பேர். இப்போது ஓனரே, "தனவேலுல இருந்து லாரிக்கு ஏத்துங்க" என்கிறார். "தனவேலுக்குப் பூச்சி வந்திருக்கு, மருந்தடி" என்கிறார் மேஸ்திரி. தனவேலு அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

எல்லாரும் அவரை அண்ணே என்று கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "நீ ஏன்க்கா அண்ணேன்னு கூப்புட மாட்டேங்கற?" என்று கோமளா கேட்டாள். எனக்கு ஏற்கெனவே மூன்று அண்ணன்கள், ஒருத்தனும் உருப்படி இல்லை, நாலாவது வேண்டாம் என்றேன்.

"ஒனக்கு எந்தப் பாத்திக்கா?" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியின் விரிசலைக் காட்டினேன். அதில் ஒரு சுடுகாட்டுப்பூச் செடி தானாக முளைத்து நிற்கிறது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை, பூ மட்டும் ஓயாது. "அதாண்டி நான். புருஷன் போயும் பூத்துக்கிட்டுக் கெடக்கறன்."

நன்றாகச் சிரித்தோம். தனவேலு அந்தப் பக்கம் வால்வு திறந்துகொண்டிருந்தார்.

கார்த்திகை 8

நெட்டிலிங்கம் இன்று வாயைத் திறந்தது.

டீ குடிக்கும்போது தனவேலு சொன்னார்: "மவன் ஓசூருக்குக் கூப்புடறான். வேலைய விட்டுட்டு வந்துடுங்கறான்."

"எப்பண்ணே?" என்று மேஸ்திரி கேட்டார்.

"மார்கழில வூடு மாறக்கூடாது. அதுக்கு முன்னாடி போயிடணும். இருவத்தேழு நல்ல நாளுன்னு பாத்து வெச்சிருக்கான். அது தவறிச்சின்னா தைதான்."

அந்த மனுஷன் ஒரு மாசத்தில் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டார்.

நான், "போய்யா போ. ஓசூர் குளுருக்கு ஒன்ன நட்டு வெச்சா இன்னும் ரெண்டு அடி வளருவ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீ ஆறிப்போய்க் கிடந்தது. கடைக்காரன் இப்போதெல்லாம் ஆற வைத்துத்தான் கொடுத்தனுப்புகிறான்.

கார்த்திகை 9

மழை. களை எடுத்தேன்.

கார்த்திகை 12

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். கூண்டை ஏற்றினால் புயல் கிளி மாதிரி அதில் வந்து உட்காரப் போகிறதா என்றேன். மேஸ்திரிகூடச் சிரிக்கவில்லை. அப்படியென்றால் நிஜமாகவே வருகிறது என்று அர்த்தம்.

கார்த்திகை 13

இன்று பூராவும் செடியைப் படுக்க வைத்தோம்.

புயல் வந்தால் நர்சரியில் அதுதான் வேலை. நிற்கிற செடி முறியும், படுத்த செடி பிழைக்கும். ஆளுயரச் செடியை எல்லாம் பாக்கெட்டோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துத் தரையோடு தரையாகக் கிடத்த வேண்டும். தொங்குகிற தொட்டிகளை இறக்க வேண்டும். நிழல்வலையை அறுத்துச் சுருட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "ஏ பூங்காவனம், தனவேலப் படுக்க வெச்சிட்டியா?"

கோமளா கையிலிருந்த தொட்டியைப் போட்டே உடைத்துவிட்டாள். அப்படிச் சிரிப்பு. தனவேலு நாலு அடி தள்ளி பைப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்துபோயிற்று. கறுத்த காது சிவக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் எதற்கு அந்தக் காதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அது அங்கே இருந்தது.

நெட்டிலிங்கம் பாத்திக்கு மேலே போட்ட பெரிய பந்தலின் வலை மட்டும் புதுசு. போன மாசம்தான் போட்டது. அதை அறுக்க ஓனருக்கு மனசு வரவில்லை. "கட்டி வுடுங்க, தாங்கும்" என்று அழாத குறையாகச் சொன்னார். கட்டி விட்டோம்.

கார்த்திகை 15

நேற்று எழுத முடியவில்லை. நேற்று எதையும் பிடித்துக்கொள்ளவே கை போதவில்லை.

எங்கள் தெருவில் எல்லாம் ஷீட் போட்ட வீடு. அதனால் வேலைக்காரர்கள் எல்லாரும் நர்சரியின் உரக் கிடங்கில் இருந்தோம். அதுதான் கான்கிரீட். மதியத்துக்குமேல் காற்று ஆரம்பித்தது. முதலில் விசில் மாதிரி. அப்புறம் லாரி மாதிரி. அப்புறம் எதைப் போலவும் இல்லை. தென்னை ஓலை ஜன்னலுக்கு முன்னால் படுக்கைவாட்டில் பறந்து போனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தனியாக ரோட்டைக் கடந்து போனது. "யாருக்கோ சீட்டு புடிக்கப் போவுது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நல்ல கிண்டல் வீணாய்ப் போனது.

பாத்திகளில் தண்ணீர் ஏறியது. வடிகால் அடைத்துக்கொண்டிருக்கும், திறந்துவிட்டு வருகிறேன் என்று தனவேலு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகாதே என்று மேஸ்திரி சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னால் சிரிப்பார்கள்.

வெகு நேரம் வரவில்லை. அவ்வளவு நேரம் ஒரு வடிகாலுக்கு ஆகாது.

அப்போது இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார்:

"ஐயையோ! தனவேலு மேல பந்தல் உழுந்துடுச்சி! மொத்தமா நசுங்கிப் போச்சி!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. செடிகளைக் காப்பாற்ற ஓடினேன். நெட்டிலிங்கத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவர எவ்வளவு பாடு. பந்தல் குழாயைத் தூக்கினேன், வலையைக் கிழித்தேன், சேற்றுக்குள் கை விட்டு அள்ளினேன். எல்லாம் செடிக்காகத்தான்.

யாரோ பின்னால் வந்து, "இந்தாம்மா, நான் இங்க இருக்கன்" என்றார்கள்.

திரும்பினேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தனவேலு நின்றார். மோட்டார் ரூமில் ஒதுங்கியிருந்தாராம்.

நசுங்கிப் போனது தனவேலு இல்லை. தனவேலு பாத்தி.

பேர் வைத்தவள் யார்? நான். ஊரில் எந்தக் கழுதையாவது தானே குழி வெட்டி, அதற்குத் தானே ஒரு பேரும் வைத்து, தானே போய் அதில் விழுமா?

கார்த்திகை 16

என்ன கத்தினேன் என்று கோமளா சொல்கிறாள். அவள் பொய் சொல்வாள். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

"'யோவ் தனவேலு, போவாதய்யா, என்ன வுட்டுட்டுப் போவாதய்யா'ன்னு கத்துனக்கா. புயல் சத்தத்துக்கு மேல கேட்டுச்சி."

"செடியப் பாத்துடி சொன்னன்."

"செடி எங்கக்கா போவப் போவுது? அது பாக்கெட்டுல இல்ல இருக்குது?"

இவளுக்கு வாய் இவ்வளவு வளர்ந்தது எப்போது? நான்தான் பழக்கியிருப்பேன்.

கார்த்திகை 17

என் வீட்டுக் கூரை ஷீட் பாதி இல்லை. எதிர்வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடந்தது. அது என்னுடையதா அவர்களுடையதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விறகு நனைந்துவிட்டது. பன் வாங்கித் தின்றேன்.

நர்சரியில் பாதிச் செடி போய்விட்டது. ஓனர் வந்து நடுவில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். கீழே கிடந்த ஒரு காலித் தொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அழுதிருந்தால் தேவலை. பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கோ.

மிச்சச் செடிகளுக்கு இலை கழுவுகிற வேலை. புயல் காற்றில் கடல் உப்பு வந்து இலை மேல் படிந்திருக்கிறது. கழுவாமல் விட்டால் வெயில் வந்ததும் நெருப்பு வைத்த மாதிரி கருகிவிடும். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. கிணற்றில் இறைத்து, வாளி வாளியாகத் தெளித்து, இலை இலையாகத் துடைத்தோம். என் பெண்ணைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டியதில்லை. அவள் நெய்வேலியிலிருந்து போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன், வீட்டுக்குள்ளிருந்தே நட்சத்திரம் பார்க்கலாம் என்றேன். "எப்பப் பாத்தாலும் வெளையாட்டுதாம்மா ஒனக்கு" என்று வைத்துவிட்டாள்.

மதியம் காரில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். புயலில் அடிபட்ட செடி எதாவது சும்மா கொடுப்பீர்களா என்றார்கள். "என்னைய வேணா எடுத்துக்கிட்டுப் போங்க, நானும் அடிபட்டதுதான்" என்றேன். கார் போய்விட்டது.

கார்த்திகை 18

மூன்று நாளாக எனக்கு நல்ல மரியாதை. நான் நடந்து போனால் ஷெட்டிலிருந்து ஒரு குரல், "யோவ்வ்வ்" என்று ஆரம்பிக்கும். இன்னொரு குரல் "போவாதய்யா" என்று முடிக்கும். மேஸ்திரிகூட. தொந்தி குலுங்கக் குலுங்க.

நியாயம்தான். ஊரையே கடித்த நாய்க்கு ஊரே திரும்பக் கடித்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

தனவேலு என் பக்கமே வரவில்லை. நான் இருக்கிற பாத்திக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கோமளாவைக் கேட்கிறார். மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இருவத்தேழுதான். வந்துடறன்" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. விழுந்தது.

கார்த்திகை 20

தனவேலுவின் பானாவைக் காணவில்லை.

பைப் திருகுகிற பெரிய பானா. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னாலிருந்தே அவருடையது. பிடி அவர் கைக்குத் தக்கபடி தேய்ந்திருக்கும். இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டார். பழசாகிவிட்டதே, வேறு வாங்கித் தருகிறேன் என்று ஓனர் சொல்லியிருந்தார். வேலைக்கு அது போதும், ஆனால் ஊருக்குப் போகும்போது என் பானா இல்லாமல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நேற்று டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அப்படித்தான் தெரியும்.

எல்லாரையும் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். பானாவை நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது. புயலில் போயிருக்கும் என்றேன்.

"இரும்பு பறக்குமாக்கா?" என்றாள் கோமளா.

"என் வூட்டுக் கூரையே பறந்துச்சி. பானா பறக்காதா?"

"பானா நேத்திக்கிக்கூட இருந்துச்சேக்கா. புயல் போயி ஆறு நாளாச்சி."

சின்ன விஷயத்தை எல்லாம் நோண்டுகிற பெண்.

கார்த்திகை 21

அரிசிப் பானையைத் துணி போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். எலி வருகிறது.

கார்த்திகை 23

காலையில் மறுபடி மழை. கோமளா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிக்கொடுக்கத் தனவேலுவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த மனுஷன் என் வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே வந்தார். நல்ல வேளை, என் வீட்டு வாசலுக்கு அப்படித்தான் வர வேண்டும்.

நான் வெளியே கயிறு பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே நின்று மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார். அடுப்பு மூலையில் ஒழுகியது. அங்கேதான் அரிசிப் பானை இருந்தது. அதை அவர் நகர்த்தி வைத்தார். உள்ளே கணீர் என்று ஒரு சத்தம்.

"இந்தாம்மா, பான கனமா இருக்குதே."

"ரேஷன் அரிசிய்யா. கல்லு ஜாஸ்தி" என்றேன் வெளியிலிருந்தே.

என் கையிலிருந்த கயிறு தொய்ந்து நின்றது. அப்புறம், "கல்லு பெருசாத்தான் இருக்கும் போல" என்றார்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார். பாவம், வெகுளி.

பானைத் துணியின் முடிச்சு இடம் மாறியிருந்தது மாதிரி தெரிந்தது. எலியாக இருக்கும்.

கார்த்திகை 25

தனவேலு முன்னைவிட மும்முரமாகத் தேடுகிறார். இன்று காகிதப்பூ பாத்திக்குள் நுழைந்து தேடினார். சட்டையெல்லாம் கிழிசல். ஓனரம்மாவுக்குள் போனால் கிழியாமல் வருமா? பானா பானா என்று ஷெட்டே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். பேசாத மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று மேஸ்திரிக்குக் கவலை.

எனக்குக் கொஞ்சம் குற்றம் செய்த மாதிரிதான் இருந்தது. பொதுவாகச் சொன்னேன், ஒருத்தர் பொருளைத் தொலைத்தால் பார்க்கிறவர்களுக்கு அப்படி இருக்கும் அல்லவா.

கார்த்திகை 27

நல்ல நாள். தூறல். தனவேலு கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கித் தேடினார். கிடைத்தது ஒரு சொம்பும் ஒரு செருப்பும்.

மார்கழி 1

மார்கழி பிறந்தது. விடியும் முன்னாலேயே கோயில் மைக் அலற ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகத் திட்டுவேன். இன்று எழுந்து குளித்து, போய், சுடச்சுடப் பொங்கல் வாங்கித் தின்றேன். இனிமேல் ஒரு மாசத்துக்கு யாரும் எங்கேயும் வீடு மாற முடியாது. ஊருக்குப் பொதுவாகச் சொன்னேன்.

மார்கழி 9

நசுங்கின நெட்டிலிங்கத்தில் பாதி பிழைத்துவிட்டது. முறிந்த இடத்துக்குக் கீழே கொழுந்து விட்டிருக்கிறது, செம்புக் கலரில். நிமிர்த்திக் குச்சி கட்டினேன். "தனவேலுக்குக் குச்சி கட்டிட்டியா?" என்று மேஸ்திரி கேட்டார். கட்டியாச்சு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது போல.

புயலில் தண்ணீர்த் தொட்டி நிறைய விரிசல் விட்டிருந்தது. தனவேலு சிமெண்ட் குழைத்து எல்லாவற்றையும் பூசினார். அந்தச் சுடுகாட்டுப்பூ இருக்கிற விரிசலை மட்டும் விட்டுவிட்டார். தண்ணீர் கசிகிறது. ஓனர் கேட்டாராம். பக்கத்தில் நின்ற கோமளா வந்து சொன்னாள்.

"'அந்தச் சுடுகாட்டுப்பூவப் புடுங்கிப் போட்டுட்டுப் பூச வேண்டியதுதான?'ன்னாருக்கா ஓனரு. அதுக்கு அண்ணன், 'அது சுடுகாட்டுப்பூ இல்லிங்க, நித்தியகல்யாணி. ஒழுவுனா ஒழுவட்டும்'னு சொல்லிட்டுக் கரண்டியக் கழுவிட்டுப் போயிட்டாருக்கா."

நர்சரியில் இத்தனை வருஷம் இருக்கிறேன், அந்தப் பேர் எனக்குத் தெரியாததா? தெரியும். அந்தப் பேரில் நான் அதைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

இன்று வேறு வேலை ஓடவில்லை.

மார்கழி 20

இன்று ஒரு காரியம் செய்தேன். நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன்.

"யோவ், ஒன்னு சொல்லணும்."

"சொல்லும்மா."

"நீ ஓசூருக்குப் போவாத."

சொல்லிவிட்டேன். சிரிக்காமல் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்து மேஸ்திரியும் கோமளாவும் கைதட்டிவிட்டார்கள். "பந்தல் தூக்குனவங்க வந்துட்டாங்கய்யா! யோவ்வ்வ் போவாதய்யா!"

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே வேலை செய்யும். "ஆமாய்யா, நீ போயிட்டா நான் யாரக் கிண்டல் பண்றது, கிணத்தையா?" என்று சொல்லிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னவளும் நான். அதைச் சிரிப்பாக்கி ஊதிவிட்டவளும் நான். இதற்கு ஒரு புயல் எதற்கு? நானே போதும்.

அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போது சிரித்தார்.

மார்கழி 28

அவர் மகன் போன் செய்தானாம். பொங்கல் கழிந்ததும் வண்டியோடு வருகிறானாம்.

குரோட்டன்ஸுக்கு உரம் வைத்தேன்.

தை 1

பொங்கல். காலையில் எல்லாரும் நர்சரிக்கு வரச் சொல்லியிருந்தார் ஓனர். புது மோட்டார் வந்திருக்கிறது, நல்ல நாளில் ஓட்டிவிடலாம் என்றார். ஓனரம்மாவே பொங்கல் வைத்தார்கள். வெல்லம் குறைவாகப் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் இப்போதெல்லாம் திருந்தி வருகிறேன்.

பைப்பை மாட்டினார்கள். ஜாயின்ட்டில் தண்ணீர் பீய்ச்சியது. தனவேலு புது பானாவைப் போட்டுத் திருகினார், வழுக்கியது. மறுபடி திருகினார், மறுபடி வழுக்கியது. ஓனர் சட்டை நனைந்துவிட்டது.

"ஒங்க பழைய பானா இருந்தா ஒரே திருகுதான். அது எங்க போயித் தொலஞ்சிதோ" என்றார் மேஸ்திரி.

தனவேலு நிமிர்ந்தார். அந்த மனுஷன் நிமிர்ந்தால் இவ்வளவு உயரம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்தார்.

"பூங்காவனம்."

இத்தனை வருஷத்தில் அவர் என் பேரைச் சொன்னதில்லை. இந்தாம்மா, ஏம்மா, அவ்வளவுதான். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி என் கையிலிருந்து நழுவிவிட்டது.

"பூங்காவனம், வூட்டுக்குப் போயி அரிசிப் பானையில கெடக்குற பானாவ எடுத்தா."

கோமளா என்னைப் பார்த்தாள், தனவேலுவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அது... எலிக்குப் பயந்து..." என்றேன். அதற்குமேல் என் வாய் ஓடவில்லை. முதல் தடவையாக. "நீ எப்ப பாத்த?"

"தார்ப்பா கட்டுனப்பவே."

"அப்பவேவா? அப்பறம் எதுக்குய்யா முள்ளுக்குள்ள பூந்த? எதுக்குக் கிணத்த எறச்ச?"

தனவேலு கையைத் துண்டில் துடைத்தார். ஈரம் போகும் வரை நிதானமாகத் துடைத்தார்.

"மார்கழி பொறக்கட்டும்னுதான்" என்றார்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் ஓனரம்மா பொங்கலை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள். மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் முதல் தடவையாகச் சிரிக்க வைத்தார், அதுவும் என்னை வைத்து. நான் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது நான் அழுதால் நடிக்கிறேன் என்பார்கள். அதனால் பானா எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன், எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். ரோட்டில் ஒருத்தர் என்னம்மா ஆயிற்று என்று கேட்டார். பொங்கல் என்றேன்.

ஒரே திருகு. தண்ணீர் நின்றுவிட்டது.

தை 4

தனவேலுவின் மகன் வண்டியோடு வந்தான். நல்ல பிள்ளை. அப்பா உயரம், அப்பா போல இல்லாமல் பேசுகிறான். அப்பனும் பிள்ளையும் கொஞ்ச நேரம் மோட்டார் ரூமில் பேசினார்கள். வண்டியில் சாமான் ஏறவில்லை. ஒரு மஞ்சப் பை மட்டும் ஏறியது. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்பி வருவாராம்.

நாலு நாள் என்றால் நாலு நாள்தானா, ஓசூர் நாலு நாளா, கடலூர் நாலு நாளா என்று கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் என்னிடம் வந்தார்.

"பூங்காவனம், இத வெச்சிரு."

பானாவைக் கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். தலை முட்டிக்கொண்டது. நான் கிண்டல் செய்யவில்லை.

அரிசிப் பானையிலேயே வைத்து, துணி போட்டுக் கட்டிவிட்டேன். எலி வருகிறது.